மோட்டார் ஹோமில் ஐரோப்பா டூர்... ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவது? கேம்பிங் கைடு புத்தகத்தைப் படிப்பது எப்படி?

ஜூலை மாதம். தெற்கு பிரான்ஸ். மாலை 7 மணி. பின் சீட்டில் குழந்தைகள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கூகுள் மேப் காட்டிய முதல் கேம்பிங் தளத்தின் வாசலில் 'கோம்ப்ளே' என்று ஒரு போர்டு தொங்குகிறது. இடம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அடுத்த தளமும் ஃபுல். மூன்றாவது தளத்தில் இடம் இருக்கிறது, ஆனால் ரிசப்ஷனை மூடிவிட்டார்கள்.

மோட்டார் ஹோம் எடுத்துக்கொண்டு ஐரோப்பா சுற்றப் போகிறவர்கள் பலருக்கும் முதல் வாரத்திலேயே இந்த அனுபவம் கிடைத்துவிடும். படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கின்றன. ஆனாலும் தினமும் சாயங்காலம் ஒரே கேள்விதான்: இன்னிக்கு ராத்திரி எங்கே நிறுத்துறது?

இந்தக் கேள்விக்காகவே பல பத்தாண்டுகளாக அச்சாகி வருபவை கேம்பிங் கைடு புத்தகங்கள். மொபைல் ஆப் காலத்திலும் இவற்றுக்கு வாசகர்கள் இருக்கிறார்கள். அது ஏன்? அந்தப் புத்தகங்களை எப்படிப் படிக்க வேண்டும்? எந்த இடத்தில் அவற்றை அப்படியே நம்பக்கூடாது?

கண்ட இடத்தில் நிறுத்தினால் என்ன?

வண்டிதான் வீடு, அப்புறம் எதற்குத் தனி இடம் என்று தோன்றலாம். இதில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

குரோஷியாவில் அனுமதி பெற்ற தளங்களுக்கு வெளியே முகாமிட்டால் அபராதம். ஜெர்மனியில், களைப்பு தீர்ந்து மறுபடி பத்திரமாக ஓட்டுவதற்காகச் சாலையோரம் ஓர் இரவு வண்டிக்குள் தூங்கலாம். ஆனால் நாற்காலி, மேசை போட்டு, கூரைத் துணியை விரித்தால் அது 'கேம்பிங்' கணக்கில் சேர்ந்துவிடும். நார்வே, சுவீடன் நாடுகளில் காட்டு வெளியில் யாரும் கூடாரம் போடலாம் என்ற பழைய உரிமை உண்டு. அந்த உரிமை நடந்து போகிறவர்களுக்கு. மோட்டார் வாகனத்தைக் காட்டுக்குள் ஓட்டிப் போக அது இடம் தராது.

நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இரவு தங்குவதும் நல்ல யோசனை இல்லை. தூங்கிக்கொண்டிருக்கும்போதே திருட்டு நடப்பது அங்கே பழைய கதை. ஆகவே, அனுமதிக்கப்பட்ட இடத்தை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வதுதான் வழி.

எந்தெந்த வகை இடங்கள் உள்ளன?

கைடு புத்தகத்தைத் திறக்கும் முன் இந்தப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

• கேம்பிங் தளம்: ரிசப்ஷன், குளியலறை, மின் இணைப்பு, சில இடங்களில் நீச்சல் குளம் என எல்லாம் இருக்கும். முன்பதிவு செய்யலாம்.

• முனிசிபல் கேம்பிங்: பிரான்சில் உள்ளூர் நிர்வாகமே நடத்தும் தளம். வசதி எளிமையானது, கட்டணம் பொதுவாகக் குறைவு. பல தளங்கள் கோடை மாதங்களில் மட்டும்தான் திறந்திருக்கும்.

• ஏர்: பிரான்சில் மோட்டார் ஹோம்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட நிறுத்துமிடம். தண்ணீர் பிடிக்கவும் கழிவை இறக்கவும் வசதி இருக்கும். பெரும்பாலும் ரிசப்ஷன் கிடையாது, ரிசர்வேஷனும் கிடையாது. முதலில் வருபவருக்கே இடம்.

• ஷ்டெல்பிளாட்ஸ்: ஏர் போன்றதேதான், ஜெர்மனியில் இந்தப் பெயர். இத்தாலியில் 'ஆரெயா டி சோஸ்டா' என்பார்கள்.

• பண்ணைத் தங்கல்: பிரான்சில் 1993-ல் தொடங்கிய 'பிரான்ஸ் பாஸ்யோன்' திட்டத்தில், திராட்சைத் தோட்டக்காரர்களும் விவசாயிகளும் தங்கள் நிலத்தில் 24 மணி நேரம் இலவசமாக நிறுத்த விடுகிறார்கள். இதற்கு அந்த ஆண்டுக்கான உறுப்பினர் கைடு வேண்டும். கழிவறை, தண்ணீர்த் தொட்டி வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இவை எல்லாம் ஒரே புத்தகத்தில் கிடைக்காது. கேம்பிங் தளங்களுக்கு ஒரு கைடு, ஏர்களுக்கு வேறொரு கைடு என்று தனித்தனியாகத்தான் வருகின்றன. இது தெரியாமல் ஒரே ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு, "இந்த ஊர்ல ஒண்ணுமே இல்லையே" என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

பிரபலமான கைடுகள் எவை?

ஏ.சி.எஸ்.ஐ. - இது நெதர்லாந்து நிறுவனம். 1964 கோடையில் ஸ்பெயினில் ஒரு கேம்பிங் தள வாசலில் வெயிலில் வரிசையில் நின்று, கடைசியில் இடமில்லை என்று கேட்ட எட் வான் ரெய்னே என்ற ஆசிரியர், அடுத்த ஆண்டே 55 தளங்களைக் கொண்ட சின்ன கைடு ஒன்றை வெளியிட்டார். இன்று அந்தக் கைடு பல்லாயிரம் தளங்களுக்கு வளர்ந்திருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் தளங்களை நேரில் போய்ப் பார்க்கிறார்கள். சீசன் இல்லாத மாதங்களில் சலுகை விலை தரும் தளங்களுக்கு இந்த நிறுவனம் தனி கைடும் ஒரு தள்ளுபடி அட்டையும் தருகிறது. அந்த ஆண்டுக்கு மட்டுமே அட்டை செல்லும்.

ஏ.டி.ஏ.சி. - 1903-ல் தொடங்கிய ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கம். தானே வகுத்த அளவுகோலில் தளங்களுக்கு 5 நட்சத்திரம் வரை தருகிறது.

ஆலன் ரோஜர்ஸ் - 1968-ல் பிரிட்டனில் தொடங்கிய கைடு. எல்லா தளங்களையும் பட்டியல் போடாமல், தேர்ந்தெடுத்த தளங்களை மட்டும் விவரிப்பது இதன் பாணி.

கேரவன் யூரோப் - 1907-ல் தொடங்கிய பிரிட்டன் கேரவன் கிளப் வெளியிட்டு வந்த கைடு. உறுப்பினர்கள் தங்கிவிட்டு வந்து எழுதி அனுப்பும் குறிப்புகளே இதன் அடிப்படை. ஒவ்வொரு பதிவின் முடிவிலும் அந்தத் தளம் பற்றிக் கடைசியாகத் தகவல் வந்த ஆண்டு அச்சாகியிருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அந்த ஆண்டைத்தான். ஐந்தாறு வருடம் பழைய குறிப்பு என்றால், போன் செய்து கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

ஒரு தளத்தின் பதிவைப் படிப்பது எப்படி?

கைடில் ஒரு தளத்துக்கு ஐந்தாறு வரிதான் இருக்கும். பாதி இடத்தைச் சின்னச் சின்னக் குறியீடுகள் பிடித்துக்கொள்ளும். புத்தகத்தின் தொடக்கத்தில் உள்ள குறியீட்டு விளக்கப் பக்கத்தை மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதி விஷயங்கள் இவை:

1. ஊர்ப் பெயர்: பிரான்சில் 'செயின்ட் மார்ட்டின்' என்று தொடங்கும் ஊர்களும், ஜெர்மனியில் 'நாய்ஷ்டாட்' என்ற பெயருள்ள ஊர்களும் ஏராளம். பெயரை மட்டும் ஜி.பி.எஸ்.-ல் அடித்தால் வேறு மூலைக்குப் போய்ச் சேரலாம். பிரான்சில் அஞ்சல் குறியீட்டின் முதல் இரண்டு இலக்கங்கள் மாவட்டத்தைக் காட்டும். 74 என்றால் ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஓத் சவ்வா, 33 என்றால் மேற்குக் கடலோர ஜிரோந்த். இந்த இரண்டு எண்களைச் சரிபார்த்தாலே பெரிய தவறு தவிர்ந்துவிடும்.

2. ஜி.பி.எஸ். எண்: அதிகம் பேர் தவறுவது இங்கேதான். சில கைடுகள் தசம முறையில் எண் தரும். சில கைடுகள் டிகிரி, நிமிடம், விநாடி முறையில் தரும். 44 டிகிரி 45 நிமிடம் என்பது 44.75. 44.45 இல்லை. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால், 45-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும். அப்படியே 44.45 என்று அடித்துவிட்டால், வடக்கு-தெற்காகச் சுமார் 33 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்க வேண்டியதுதான்.

3. திறந்திருக்கும் தேதி: 'ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 30 வரை' என்பதுபோல இருக்கும். அக்டோபரில் பயணம் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய வரி இது. எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் கேட் பூட்டியிருந்தால் பயன் இல்லை.

4. மொத்த இடங்கள்: '200 இடங்கள்' என்று போட்டிருக்கும். அதில் பயணிகளுக்கு எத்தனை என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். கடலோரத் தளங்கள் பலவற்றில் நிரந்தரமாக நிறுத்திய வாடகை வீடுகளே பெரும் பகுதியை எடுத்துக்கொள்கின்றன. 200-ல் 40 தான் வண்டிகளுக்கு என்றால், ஆகஸ்டில் அங்கே இடம் கிடைப்பது கஷ்டம்.

5. மின்சாரம்: '6 ஆம்பியர்', '10 ஆம்பியர்', '16 ஆம்பியர்' என்று குறிப்பிட்டிருக்கும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1,380 வாட். 10 ஆம்பியர் என்றால் 2,300 வாட். 700 வாட் ரைஸ் குக்கர் 6 ஆம்பியரில் தாராளமாக ஓடும். கூடவே 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் டிரிப் ஆகிவிடும். ரிசப்ஷன் மூடிய பிறகு டிரிப் ஆனால் காலை வரை இருட்டுதான்.

6. வண்டியின் அளவு: சில தளங்களில் 7 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிக்கு இடமில்லை என்று எழுதியிருப்பார்கள். போகும் வழியில் உள்ள பாலத்தின் உயரமும் முக்கியம். மோட்டார் ஹோம் 3 மீட்டர் உயரம் வரை இருக்கும். காருக்கான நேவிகேஷனுக்கு அது தெரியாது. கைடில் 'இந்தப் பக்கமாக வரவும், ஊருக்குள் நுழைய வேண்டாம்' என்று வழி எழுதியிருந்தால், போன் சொல்வதை விட்டுவிட்டு அந்த வரியைப் பின்பற்றுவதே நல்லது.

கட்டணம்: போட்டிருக்கும் விலைதான் கடைசி விலையா?

பெரும்பாலும் இல்லை. கைடுக்கான தகவலை முந்தைய சீசனிலேயே திரட்டிவிடுவார்கள். எனவே அதில் உள்ள விலை சற்றுப் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்த விலையில் என்னென்ன அடக்கம் என்பது அடுத்த கேள்வி. பிரான்சில் அடிப்படைக் கட்டணம் என்பது பொதுவாக ஓர் இடம், ஒரு வண்டி, இரண்டு பேர். ஓர் உதாரணக் கணக்கு பாருங்கள். கைடில் 22 யூரோ என்று இருக்கிறது. கூட இரண்டு குழந்தைகளுக்குத் தலா 5 யூரோ, மின்சாரத்துக்கு 4 யூரோ, பெரியவர்கள் இருவருக்கும் உள்ளூர் சுற்றுலா வரி தலா 60 சென்ட் என்று வைத்துக்கொண்டால், பில் 37 யூரோ 20 சென்ட். 22 யூரோ என்று நினைத்துப் பத்து நாளுக்கு பட்ஜெட் போட்டவருக்கு 152 யூரோ இடிக்கும்.

நட்சத்திரத்தை எவ்வளவு நம்பலாம்?

நட்சத்திரம் வசதிகளின் எண்ணிக்கையைச் சொல்லும். அமைதியைச் சொல்லாது. பிரான்சில் அரசு முறைப்படி தரும் 1 முதல் 5 வரையிலான நட்சத்திரம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஏ.டி.ஏ.சி. தரும் நட்சத்திரம் அதன் சொந்தக் கணக்கு. ஒரே தளத்துக்கு இரண்டு கைடுகளில் இரண்டு விதமான நட்சத்திரம் இருந்தால் குழம்ப வேண்டாம்.

5 நட்சத்திரத் தளத்தில் தண்ணீர்ச் சறுக்கு, இரவு நிகழ்ச்சி எல்லாம் இருக்கும், சத்தமும் இருக்கும். ஒரு ராத்திரி தூங்கி எழுந்து கிளம்பப் போகிறவர்களுக்கு 2 நட்சத்திர முனிசிபல் தளமே போதும். 'கடற்கரை 300 மீட்டர்' என்று இருந்தால், நடுவே ரயில் பாதையோ நெடுஞ்சாலையோ போகிறதா என்று வரைபடத்தில் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

'ஆற்றங்கரையில் அழகான தளம்'... இங்கேதான் கவனம்!

கைடுகளில் அதிகம் கண்ணில் படும் வர்ணனை இது. நிழல், சலசலக்கும் ஓடை, பின்னால் மலை. ஆனால் அந்த ஓடையின் வரலாறு புத்தகத்தில் இருக்காது.

1987 ஜூலை 14 அன்று, பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் லெ கிராண்ட் போர்னான் என்ற ஊரில், கோடை இடிமழையில் பெருக்கெடுத்த ஆறு ஒரு கேம்பிங் தளத்துக்குள் புகுந்தது. 23 பேர் உயிரிழந்தனர். 1996 ஆகஸ்ட் 7 அன்று ஸ்பெயினின் பிரனீஸ் மலை அடிவாரத்தில் பியெஸ்காஸ் அருகே இருந்த லாஸ் நியேவெஸ் தளத்தை மலை ஓடை வெள்ளம் அடித்துச் சென்றது. பலியானோர் 87 பேர். அது முறையான அனுமதி பெற்று இயங்கிய தளம். ஓடை காலங்காலமாக மண்ணைக் கொண்டுவந்து கொட்டிய விசிறி போன்ற நிலத்தில் அது அமைந்திருந்தது. இழப்பீடு கேட்டுப் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது.

இரண்டுமே சுற்றுலா சீசனில், மலைப் பகுதியில், சில நிமிடங்களில் நடந்த விபத்துகள். எனவே ஆற்றோரத் தளத்தைத் தேர்வு செய்தால் செய்ய வேண்டியவை:

• ரிசப்ஷனில் வெள்ள அபாயப் பகுதியா என்று நேராகக் கேளுங்கள். பிரான்சில் அபாயப் பகுதியில் உள்ள தளங்கள் எச்சரிக்கை, வெளியேறும் வழி பற்றிய விவரங்களைத் தங்குபவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

• மேடான பகுதியில் இடம் கேளுங்கள். வண்டியின் முகம் வெளியேறும் பாதையைப் பார்த்து இருக்கட்டும்.

• மலைப் பகுதியில் இடியுடன் மழை என்று வானிலை எச்சரிக்கை வந்தால், இங்கே வெயில் அடித்தாலும் ஆற்றோரத்தை விட்டு விலகிவிடுங்கள். மழை மேலே பெய்யும், வெள்ளம் கீழே வரும்.

• தளத்தின் பெயர், ஊர், அஞ்சல் குறியீடு உள்ள கைடு பக்கத்தை அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் முழுவதும் அவசர எண் 112. அவர்கள் முதலில் கேட்பது, எங்கே இருக்கிறீர்கள் என்பதைத்தான்.

ஆப் இருக்கும்போது புத்தகம் எதற்கு?

இரண்டுக்கும் வேலை வேறு. 'பார்க் ஃபார் நைட்' போன்ற ஆப்களில் நேற்று ராத்திரி தங்கியவர் இன்று காலை எழுதிய கருத்து கிடைக்கும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். ஆனால் அது தனிநபர் கருத்து. ஒருவருக்கு 'அருமையான அமைதி' என்பது இன்னொருவருக்கு 'பயமா இருக்கு'. மேலும், நிறுத்தத் தடை உள்ள இடங்களையும் சிலர் ஆப்பில் ஏற்றிவிடுகிறார்கள்.

கைடு புத்தகத்தில் எல்லா தளங்களையும் ஒரே அளவுகோலில் பார்க்கலாம். மலைப் பள்ளத்தாக்கில் சிக்னல் போனாலும் புத்தகம் வேலை செய்யும். ஆகவே பழகியவர்கள் செய்வது இதுதான்: புத்தகத்தில் தேர்ந்தெடுத்து, ஆப்பில் சமீபத்திய கருத்தைப் பார்த்து, போனில் உறுதி செய்துகொள்கிறார்கள்.

தினசரி திட்டம்: மூன்று இடம், ஒரு நேரம்

காலையில் கிளம்பும் முன் கைடு வரைபடத்தில் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, விருப்பமான தளம். இரண்டாவது, அதிலிருந்து 20-30 கிலோமீட்டருக்குள் இன்னொரு தளம். மூன்றாவது, ரிசப்ஷன் தேவைப்படாத ஒரு ஏர் அல்லது ஷ்டெல்பிளாட்ஸ்.

பிற்பகல் 3 அல்லது 4 மணிக்கு முதல் இடத்துக்குப் போன் செய்யுங்கள். பிரான்சில் மதியம் 12 முதல் 2 வரை பல ரிசப்ஷன்கள் மூடியிருக்கும். ஜெர்மனியில் பல தளங்களில் 1 முதல் 3 வரை மதிய ஓய்வு. அந்த நேரத்தில் கேட் தடுப்பைத் திறக்கவே மாட்டார்கள். இந்த நேர விவரத்தையும் பல கைடுகள் குறிப்பிடுகின்றன.

ஏரில் நிறுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கிராமத்துச் சந்தைத் திடலே பல ஊர்களில் ஏராக இருக்கும். சந்தை நாளன்று விடிவதற்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். கைடில் 'வியாழன் தவிர' என்று ஒரு சின்னக் குறிப்பு இருந்தால், அதற்கு இதுதான் அர்த்தம். தண்ணீர் பிடிக்க டோக்கன் வேண்டிய ஏர்களும் உண்டு. அந்த டோக்கன் பக்கத்து பேக்கரியிலோ சுற்றுலா அலுவலகத்திலோ கிடைக்கும். கடை மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு...

ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் தங்குமிட ஆதாரம் கேட்பார்கள். "வண்டியிலேயே தூங்குவோம்" என்று எழுதினால் போதாது. கைடில் உள்ள இ-மெயில் முகவரிக்கு எழுதி, கேம்பிங் தளங்களின் முன்பதிவு உறுதிக் கடிதங்களை வாங்கி இணைக்கலாம். ஏர்களில் முன்பதிவு இல்லாததால் அவை இதற்கு உதவாது.

இந்திய ஓட்டுநர் உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துச் செல்ல வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கிடைக்கும் இது அதிகபட்சம் ஓராண்டு செல்லும். ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்தின் எல்லை 3,500 கிலோ என்பதால், வாடகைக்கு எடுக்கும் வண்டியின் மொத்த எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் செக் லிஸ்ட்

✔ கைடு இந்த ஆண்டுப் பதிப்பா?
✔ கேம்பிங் தளத்துக்கு ஒன்று, ஏர்களுக்கு ஒன்று என இரண்டும் இருக்கிறதா?
✔ குறியீட்டு விளக்கப் பக்கத்தை போட்டோ எடுத்தாச்சா?
✔ ஜி.பி.எஸ். எண் தசமமா, நிமிடமா?
✔ இன்றைய மூன்று இடங்கள் குறித்தாச்சா?
✔ ஆற்றோரம் என்றால், வெளியேறும் வழி தெரியுமா?

கடைசிக் கேள்விக்குப் பதில் புத்தகத்தில் இருக்காது. தளத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், குளியலறை எங்கே என்று கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.